ஜேம்ஸ் பிரெய்ட்

ஜேம்ஸ் பிரெய்ட் (ஜூன் 19, 1795 – மார்ச் 25, 1860) ஸ்காட்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஆவார். ஹிப்னாடிசம் என்னும் சொல்லை மருத்துவ உலகில் நிலைபெறச் செய்தவர் இவரே. மெஸ்மரிசம் என்ற பெயரில் மேடைகளில் காட்டப்பட்டு வந்த நிகழ்வுகளைச் சோதனைகளின் வழியே ஆராய்ந்து, அவை துயிலூட்டுபவரின் சக்தியால் அல்ல, துயிலுக்கு உட்படுபவரின் மனமும் உடலும் இயங்கும் விதத்தால் விளைபவை என்று காட்டினார். இவர் நவீன ஹிப்னாடிசத்தின் தந்தை எனவும் அழைக்கப்படுகிறார்.

தமிழில் ஹிப்னாடிசம் அறிதுயில், மனோவசியம், மெஸ்மரிசம் எனப் பல பெயர்களால் வழங்கப்படுகிறது. இவற்றுள் மெஸ்மரிசம் என்பது பிரெய்ட் மறுத்த பழைய கோட்பாட்டின் பெயர் ஆகும்.

பிறப்பும் கல்வியும்

பிரெய்ட் ஸ்காட்லாந்தின் கின்ராஸ்-ஷயர் பகுதியில் உள்ள போர்ட்மோக் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோருக்கு இவர் ஏழாவது பிள்ளையும் கடைசிப் பிள்ளையும் ஆவார். அக்கால வழக்கப்படி லீத் நகர அறுவை மருத்துவர்களிடம் தொழில் பயின்றார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1812 முதல் 1814 வரை பாடம் கேட்டார். 1813 இல் மார்கரெட் மேசன் என்பவரை மணந்தார். 1815 இல் எடின்பரோ அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உரிமம் பெற்றார்.

மருத்துவப் பணி

1816 இல் லனார்க்ஷயரில் உள்ள லெட்ஹில்ஸ் ஈயச் சுரங்கங்களின் மருத்துவராகப் பணியேற்றார். 1825 இல் டம்ஃப்ரீஸ் நகரில் தனியாக மருத்துவம் செய்யத் தொடங்கினார். அங்கு இவரிடம் சிகிச்சை பெற்ற மான்செஸ்டர் வணிகர் ஒருவரின் அழைப்பை ஏற்று 1828 இல் மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். வாழ்நாள் முழுவதும் அந்நகரிலேயே வாழ்ந்தார்.

மான்செஸ்டர் அன்று பருத்தி ஆலைகளால் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த தொழில் நகரம். பிறவியிலேயே பாதம் வளைந்திருக்கும் குறை, மாறுகண், முதுகெலும்பு வளைவு ஆகியவற்றுக்கான சிகிச்சையில் பிரெய்ட் பெயர் பெற்றார். மெஸ்மரிசத்தை இவர் நேரில் கண்டபோது இவருக்கு வயது 46. அதற்கு முன்பே மதிப்புமிக்க அறுவை மருத்துவராக நிலைபெற்றிருந்தார்.

பின்னணி: மெஸ்மரிசம்

வியன்னாவில் மருத்துவம் பயின்ற பிரான்ஸ் அன்டன் மெஸ்மர் (1734–1815) உயிர்களின் உடலில் கண்ணுக்குத் தெரியாத காந்தப் பாய்மம் ஒன்று ஓடுவதாகவும், அதன் தடையே நோய் எனவும் கூறினார். இக்கொள்கை உயிர்க் காந்தம் எனப்பட்டது. 1784 இல் பிரான்சு மன்னர் பதினாறாம் லூயி அமைத்த ஆணையம் இதனை ஆராய்ந்தது. பெஞ்சமின் பிராங்கிளின், வேதியியலாளர் லவாய்சியர் ஆகியோர் அதில் இடம்பெற்றிருந்தனர். அத்தகைய பாய்மம் எதுவும் இல்லை, விளைவுகள் கற்பனையால் தோன்றுபவை என்று ஆணையம் முடிவு கூறியது.

கோவாவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த அபே ஃபாரியா (1756–1819), துயிலின் காரணம் துயில்பவரிடமே உள்ளது என்று பிரெய்டுக்கு முன்பே கூறியிருந்தார். ஆயினும் அவரது கருத்து பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. காந்தக் கொள்கையே மேடைகளில் தொடர்ந்து உலவியது. இலண்டனில் மெஸ்மரிசத்தை ஆதரித்த புகழ்பெற்ற மருத்துவர் ஜான் எலியட்சன் 1838 இல் தம் மருத்துவமனைப் பதவியை விட்டு விலக நேர்ந்தது. எனவே ஒரு மருத்துவர் இத்துறையில் கைவைப்பது தன் நற்பெயரைப் பணயம் வைப்பதாகவே அன்று கருதப்பட்டது.

லபோன்டேனின் நிகழ்ச்சி

பிரான்சு நாட்டைச் சேர்ந்த சார்லஸ் லபோன்டேன் என்னும் மெஸ்மரிச வல்லுநர் 1841 நவம்பரில் மான்செஸ்டர் அத்தீனியம் அரங்கில் நிகழ்ச்சிகள் நடத்தினார். பிரெய்ட் நவம்பர் 13 அன்று முதன்முறையாக அதனைப் பார்க்கச் சென்றார். அனைத்தும் ஏமாற்று அல்லது முன்னேற்பாடு என்ற எண்ணத்துடனேயே சென்றார். ஆயினும் ஒரு செய்தி இவர் கருத்தைக் கவர்ந்தது. துயிலுக்கு உட்பட்டவரால் தம் கண்ணிமைகளைத் திறக்க இயலவில்லை. அது நடிப்பு அல்ல என்று மாறுகண் அறுவையில் பழகிய இவருக்குத் தோன்றியது.

மீண்டும் சென்று கூர்ந்து நோக்கிய பின், நிகழ்வு உண்மை, ஆனால் அதற்குக் கூறப்படும் காரணம் பொய் என்ற முடிவுக்கு வந்தார். மெஸ்மரிசத்தை நம்பியவர்கள் இரண்டையும் ஒருசேர ஏற்றனர். எதிர்த்தவர்கள் இரண்டையும் ஒருசேர மறுத்தனர். இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததே பிரெய்டின் தனித்தன்மை ஆகும்.

வீட்டில் நடந்த சோதனைகள்

நீண்ட நேரம் ஒரே இடத்தை உற்று நோக்குவதால் கண் தசைகளும் கவனமும் களைப்புறுகின்றன, அதுவே இந்நிலைக்குக் காரணம் என்று பிரெய்ட் கருதினார். அவ்வாறாயின் துயிலூட்டுபவரின் கண்களோ கையசைவுகளோ தேவையில்லை. உயிரற்ற பொருள் ஒன்றே போதும்.

இதனை 1841 நவம்பர் 22 அன்று தம் வீட்டிலேயே சோதித்தார். நண்பர் ஒருவரை மது புட்டி ஒன்றின் கழுத்தை உற்று நோக்கச் செய்தார். சற்றே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் அது வைக்கப்பட்டிருந்தது. மூன்று நிமிடங்களில் அவர் கண்கள் மூடின, கண்ணீர் வழிந்தது, தலை சாய்ந்தது. அடுத்துப் பிரெய்டின் மனைவி பீங்கான் சர்க்கரைக் கிண்ணத்தின் அலங்காரத்தை உற்று நோக்கினார். அவருக்கும் அதே விளைவு ஏற்பட்டது.

மூன்றாவதாக, மெஸ்மரிசம் பற்றி எதுவும் அறியாத வேலையாள் ஒருவரை அழைத்தார். மருந்து ஒன்று தயாராவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் கூறினார். சில நிமிடங்களில் அவரும் துயில் நிலைக்குச் சென்றார். மேடை மாயமோ துயிலூட்டுபவர் மீதான நம்பிக்கையோ இங்கு காரணமாக இருக்க இயலாது என்பது பிரெய்டின் வாதம்.

ஐந்து நாட்கள் கழித்து, நவம்பர் 27 அன்று, அதே அத்தீனியம் அரங்கில் பிரெய்ட் தம் முதல் பொது விரிவுரையை நிகழ்த்தினார்.

முறை

பிரெய்டின் முறை எளிமையானது. அறுவைக் கத்திகள் வைக்கும் தம் சிறு உறையைப் போன்ற பளபளப்பான பொருள் ஒன்றை, எதிரில் இருப்பவரின் கண்களிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 38 செ.மீ. தொலைவில், நெற்றிக்கு மேலாகப் பிடிப்பார். அவர் கண்களை அதிலேயே நிறுத்தி, மனத்தையும் அந்த ஒரு பொருளிலேயே குவிக்க வேண்டும். சிறிது நேரத்தில் இமைகள் தாமே மூடும்.

பார்வையற்றவர்களிடமும் இதே விளைவைப் பெற முடிந்ததை இவர் பதிவு செய்துள்ளார். எனவே பார்வை நரம்பைவிட மனக் குவிப்பே முதன்மையானது என்று உணர்ந்தார்.

எதிர்ப்புகள்

பிரெய்ட் மூன்று பக்கங்களிலிருந்து எதிர்ப்பைச் சந்தித்தார்.

முதலாவது சமயத் தரப்பு. லிவர்பூல் நகரின் செல்வாக்கு மிக்க பாதிரியார் ஹியூ மெக்னீல் 1842 ஏப்ரலில் ஆற்றிய பேருரை ஒன்றில், மெஸ்மரிசம் சாத்தானின் செயல் என்று கண்டித்தார். பிரெய்ட் அதே ஆண்டு ஜூன் மாதம் சிறுநூல் ஒன்றின் வாயிலாக மறுமொழி அளித்தார். இந்நிலை உடலின் இயற்கை விதிகளுக்கு உட்பட்டதே என்று அதில் விளக்கினார்.

இரண்டாவது அறிவியல் தரப்பு. 1842 ஜூன் மாதம் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கம் மான்செஸ்டரில் கூடியது. பிரெய்ட் அளிக்க முன்வந்த கட்டுரை ஏற்கப்படவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. அதே நாட்களில் தனியே ஓர் அரங்கில் கூட்டம் ஏற்பாடு செய்து, சங்கத்திற்கு வந்திருந்தோரை அழைத்துத் தம் சோதனைகளைக் காட்டினார்.

மூன்றாவது மெஸ்மரிச ஆதரவாளர்கள். காந்தப் பாய்மம் இல்லையெனில் அவர்களது தனிச்சக்தியும் இல்லை என்றாகிவிடும். எனவே அவர்களும் இவரைத் தம்மவராக ஏற்கவில்லை.

நியூரிப்னாலஜி

1843 இல் பிரெய்டின் முதன்மை நூலான நியூரிப்னாலஜி வெளிவந்தது. கிரேக்க மொழியில் நியூரான் என்பது நரம்பையும், ஹிப்னோஸ் என்பது உறக்கத்தையும் குறிக்கும். நரம்புத் துயில் என்ற பொருள்படும் நியூரோ-ஹிப்னாடிசம் என்னும் சொல்லை முதலில் பயன்படுத்திய இவர், பின்னர் அதனை ஹிப்னாடிசம் எனச் சுருக்கினார். ஹிப்னோஸ் என்பதை முன்னொட்டாகக் கொண்ட சொற்களைப் பிரான்சு நாட்டின் எனின் டி குவில்லர்ஸ் 1820 வாக்கிலேயே பயன்படுத்தியிருந்தார். எனினும் இச்சொல் உலகெங்கும் பரவியதற்குப் பிரெய்டின் எழுத்துகளே காரணம்.

நரம்புக் கோளாறு உடையவர்களும் மெல்லியல்பினரும் மட்டுமே இந்நிலைக்கு ஆட்படுவர் என்ற கருத்து அன்று பரவலாக இருந்தது. இதனை மறுக்கும் சான்றுகளை நூலில் தந்துள்ளார். மான்செஸ்டர் நகரில் தமக்கு முன்பின் அறிமுகமில்லாத, நல்ல உடல்நலமுள்ள 14 ஆண்களை ஒரே நேரத்தில் நிற்கவைத்துச் சோதித்தபோது, அவர்களுள் 10 பேர் துயில் நிலைக்குச் சென்றனர்.

ஒருவரின் இசைவின்றி அவரை இந்நிலைக்குக் கொண்டுவர இயலாது என்பதையும் இந்நூல் வலியுறுத்துகிறது. துயில் நிலையில் உள்ளவர்கள் சொற்படி நடந்தாலும், நாகரிகமும் ஒழுக்க உணர்வும் குன்றாதிருப்பதைப் பிரெய்ட் குறிப்பிட்டுள்ளார்.

தம் தவறுகளைத் திருத்தியமை

பிரெய்டின் முடிவுகள் அனைத்தும் சரியானவை அல்ல. தலையின் மேடுபள்ளங்களைக் கொண்டு குணநலன்களை அறியலாம் என்று கூறிய மண்டையோட்டுக் குறியியல் அக்காலத்தில் செல்வாக்குடன் இருந்தது. துயிலில் இருப்பவரின் தலையில் குறிப்பிட்ட இடங்களைத் தொட்டால் அதற்குரிய உணர்வு வெளிப்படும் என்று சிலர் கூறினர். பிரெய்டும் சில காலம் அதனை நம்பி, தம் 1843 நூலில் அதற்கு இடமளித்தார். தொடுபவரின் எதிர்பார்ப்பும் சூழ்நிலைக் குறிப்புகளுமே அவ்விளைவுகளைத் தந்தன என்பதைப் பின்னர் உணர்ந்து அக்கருத்தைக் கைவிட்டார். காது கேளாமை முதலிய குறைகளைக் குணப்படுத்தியதாக இவர் எழுதியவற்றுள் பலவும் இன்று ஏற்கப்படுவதில்லை.

இவற்றைவிட முக்கியமானது இவர் சூட்டிய பெயரைப் பற்றியது. துயிலுக்கு உட்பட்டவர்களுள் பெரும்பாலோர் உண்மையில் உறங்குவதில்லை என்பதையும், நடப்பதை அறிந்தே இருக்கின்றனர் என்பதையும், பின்னர் அதனை நினைவுகூர்கின்றனர் என்பதையும் பிரெய்ட் நாளடைவில் கண்டார். எதையும் நினைவுகூராத ஆழ்நிலையை அடைவோர் ஏறத்தாழ பத்தில் ஒருவரே என்று கணித்தார். எனவே உறக்கத்தைக் குறிக்கும் ஹிப்னாடிசம் என்ற பெயர் பொருந்தாது என்று கருதினார். மனம் ஒரே எண்ணத்தில் குவிந்திருத்தல் என்ற பொருள்படும் மோனோ-ஐடியிசம் என்னும் சொல்லை 1847 இல் முன்மொழிந்தார்.

ஆனால் அதற்குள் பழைய சொல் வேரூன்றிவிட்டது. தாம் உருவாக்கிப் பரப்பிய சொல்லைத் தாமே திரும்பப் பெற இயலாத நிலை இவருக்கு ஏற்பட்டது. ஹிப்னாடிசம் என்றால் உறக்கம் என்ற தவறான எண்ணம் இன்றளவும் நீடிப்பதற்கு அப்பெயரும் ஒரு காரணம் ஆகும். திருமாலின் யோகத் துயிலைக் குறிக்கும் அறிதுயில் என்ற பழந்தமிழ்ச் சொல், அறிவு நீங்காத துயில் எனப் பொருள்படுவதால், பிரெய்டின் பிற்காலக் கருத்துக்கு நெருக்கமாக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

எதிர்பார்ப்பின் ஆற்றல்

ஜெர்மானிய வேதியியலாளர் ரைக்கன்பாக், காந்தங்களிலிருந்து ஒருவகை ஒளியும் சக்தியும் வெளிப்படுவதாகவும், நுண்ணுணர்வு மிக்கோர் அதனைக் காண இயலும் எனவும் கூறினார். பிரெய்ட் இதனைச் சோதித்து 1846 இல் சிறுநூலாக வெளியிட்டார். காந்தம் இருப்பதாக எண்ணியபோது, அது இல்லாதவிடத்தும் மக்கள் உணர்வுகளைப் பெற்றனர். உண்மையான காந்தம் அவர்கள் அறியாமல் அருகில் வைக்கப்பட்டபோது எதையும் உணரவில்லை. எதிர்பார்ப்புடன் கூடிய கவனமே உடலில் விளைவுகளைத் தோற்றுவிக்கிறது என்பது இவரது முடிவு.

1847 செப்டம்பரில் புகழ்பெற்ற சுவீடன் பாடகி ஜென்னி லிண்ட் மான்செஸ்டர் வந்திருந்தார். அவர் முன்னிலையில் பிரெய்ட் ஓர் ஆலைத் தொழிலாளப் பெண்ணைத் துயில் நிலைக்குக் கொண்டுவந்தார். இசைப் பயிற்சியோ பிறமொழி அறிவோ இல்லாத அப்பெண், லிண்ட் பாடிய பாடல்களை உடனுக்குடன் ஒலி பிசகாமல் திருப்பிப் பாடினார். இதில் தெய்வீகமோ அதிசயமோ இல்லை, கேட்கும் திறனும் ஒலியைப் போலச்செய்யும் திறனும் கவனக் குவிப்பால் கூர்மையடைவதே காரணம் என்று பிரெய்ட் விளக்கினார்.

தன்-துயிலும் இந்திய யோகிகளும்

துயிலூட்டுபவர் இல்லாமலேயே ஒருவர் தம்மைத் தாமே இந்நிலைக்குக் கொண்டுவர இயலும் என்பது பிரெய்டின் முக்கியமான கண்டுபிடிப்புகளுள் ஒன்று. 1844 இல் கழுத்திலும் மார்பிலும் கையிலும் கடும் வாதவலியால் அவதியுற்றபோது இவர் தம்மீதே இம்முறையைக் கையாண்டார். சில நிமிடங்களில் வலி நீங்கியதாகப் பதிவு செய்துள்ளார்.

இதற்குச் சான்றாகக் கீழை நாட்டுத் தியான முறைகளையும் எடுத்துக்காட்டினார். மூக்கின் நுனியில் பார்வையை நிறுத்தும் யோகிகள் பிறர் உதவியின்றியே நெடுங்காலமாக இத்தகைய நிலையை அடைந்து வந்துள்ளனர், எனவே காந்தப் பாய்மம் தேவையற்ற கற்பனை என்பது இவர் வாதம். 1850 இல் வெளியான இவரது நூல், மண்ணில் புதைக்கப்பட்டு உயிருடன் மீண்டதாகக் கூறப்பட்ட இந்தியப் பக்கிரிகளைப் பற்றியது. லாகூரில் மன்னர் ரஞ்சித் சிங் அவையில் 1837 இல் நடந்த நிகழ்ச்சி பற்றி, நேரில் கண்ட கிளாட் வேட் என்னும் பிரித்தானிய அதிகாரியின் சாட்சியத்தை அதில் சேர்த்துள்ளார்.

மயக்க மருந்தின் வருகை

ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் 1845 முதல் வங்காளத்தில் மெஸ்மரிச முறையால் வலியின்றிப் பல அறுவைகளைச் செய்தார். ஆனால் 1846 இல் ஈதரும் 1847 இல் குளோரோஃபார்மும் அறுவை மருத்துவத்தில் பயன்பாட்டுக்கு வந்தன. இவை விரைவாகவும் ஏறத்தாழ அனைவரிடமும் செயல்பட்டன. எனவே மருத்துவர்களின் ஆர்வம் அவற்றின்பால் திரும்பியது. பிரெய்டின் பிற்கால எழுத்துகள் இங்கிலாந்தில் போதிய கவனம் பெறாமல் போயின.

மறைவு

1859 டிசம்பரில் பிரான்சு மருத்துவர் பால் புரோக்கா, ஹிப்னாடிசத்தின் துணையுடன் அறுவை ஒன்றைச் செய்து அதனைப் பாரிசு அறிவியல் கழகத்திற்குத் தெரிவித்தார். போர்டோ நகர மருத்துவர் யூஜின் அசாம் இம்முறையைப் பிரான்சில் அறிமுகப்படுத்தி வந்தார். தம் பணி வேற்று நாட்டில் மதிக்கப்படுவதை அறிந்த பிரெய்ட், தம் கருத்துகளைத் தொகுத்த கையெழுத்துப் படி ஒன்றை அசாமுக்கு அனுப்பினார். அதற்குச் சில நாட்களில், 1860 மார்ச் 25 அன்று மான்செஸ்டரில் திடீரெனக் காலமானார். அப்போது அவருக்கு வயது 64.

தாக்கம்

ஜெர்மானிய உடலியலாளர் வில்லியம் பிரையர் 1880களின் தொடக்கத்தில் பிரெய்டின் எழுத்துகளை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். 1883 இல் நியூரிப்னாலஜி பிரெஞ்சு மொழியில் வந்தது. பாரிசில் ஷார்கோ ஹிப்னாடிசத்தை ஹிஸ்டீரியா நோயின் ஒரு கூறாகக் கருதினார். நான்சி நகரின் லீபோ, பெர்ன்ஹைம் ஆகியோர் அது நலமுள்ளோருக்கும் பொதுவானது, கருத்தேற்றத்தால் விளைவது என்றனர். இவ்விவாதத்தில் இறுதியில் நான்சி அணியின் கருத்தே நிலைத்தது. அது பிரெய்டின் கருத்துக்கு நெருக்கமானது ஆகும்.

1892 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் குழு ஒன்று ஹிப்னாடிச நிலை உண்மையானது என ஏற்றது. 1955 இல் அச்சங்கம் அதன் மருத்துவப் பயன்பாட்டை மீண்டும் ஆதரித்தது.

தவறான கருத்துகளும் பிரெய்டின் முடிவுகளும்

ஹிப்னாடிசம் பற்றிப் பொதுமக்களிடம் நிலவும் பல கருத்துகள் பிரெய்டின் காலத்திலேயே மறுக்கப்பட்டவை. அவை வருமாறு:

• துயிலூட்டுபவரிடம் தனிச்சக்தி உண்டு என்பது: புட்டியின் கழுத்தும் சர்க்கரைக் கிண்ணமும் அதே விளைவைத் தந்ததைப் பிரெய்ட் காட்டினார்.

• ஹிப்னாடிசம் ஓர் உறக்கம் என்பது: பிரெய்ட் 1847 இல் இதனைத் திருத்திக்கொண்டார். துயில் நிலையில் உள்ளவரின் மூளை மின்னலைகள் உறக்கத்தின் அலைகளை ஒத்தவை அல்ல என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன.

• விருப்பத்திற்கு மாறாக வசியப்படுத்தலாம் என்பது: இசைவின்றி இந்நிலை தோன்றாது என்பது பிரெய்டின் கருத்து. மனோவசியம் என்ற பெயர் தரும் எண்ணம் இதற்கு மாறானது.

• மனவலிமை குன்றியவர்களே ஆட்படுவர் என்பது: மான்செஸ்டர் சோதனை இதனை மறுத்தது. கவனத்தைக் குவித்து ஒன்றில் ஆழும் இயல்பே இதற்குத் துணைசெய்கிறது.

• அனைவரும் ஒரே அளவில் ஆட்படுவர் என்பது: 1959 இல் வைட்சன்ஹோஃபர், ஹில்கார்டு ஆகியோர் உருவாக்கிய ஸ்டான்ஃபோர்டு அளவுகோல்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள், மக்களிடையே இத்திறன் வேறுபடுவதைக் காட்டின. ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினர் எளிதில் ஆழ்ந்த நிலையை அடைகின்றனர். ஏறக்குறைய அதே அளவினர் மிகக் குறைவாகவே ஆட்படுகின்றனர். ஏனையோர் இடைப்பட்டவர்கள். பிரெய்ட் கண்மூடலையே பெரிதும் அடையாளமாகக் கொண்டதால் அவர் தந்த எண்ணிக்கைகள் இதைவிட மிகுதியாக உள்ளன.

• மறந்தவற்றைத் துல்லியமாக நினைவுக்குக் கொண்டுவரும் என்பது: இது பிரெய்டின் காலத்திற்குப் பின் வலுப்பெற்ற கருத்து. துயில் நிலையில் கூறப்படும் நினைவுகளில் கற்பனையும் கலக்கக்கூடும் என்பதும், அவை உண்மை என்ற உறுதி மட்டும் மிகக்கூடும் என்பதும் பின்னர் அறியப்பட்டன. எதிர்பார்ப்பே உணர்வைத் தோற்றுவிக்கும் என்று பிரெய்ட் காந்தச் சோதனைகளில் கண்டது இதற்கும் பொருந்தும்.